யாரும் நிற்காத நால்ரோடு

நால்ரோட்டில் கடை வைத்திருப்பவன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பது பஸ் எங்கே நிற்கிறது என்பதைத்தான். மலை, கோட்டை, மியூசியம் எல்லாம் அப்புறம். அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற பக்கத்தில், நாலு ரோடு கூடுகிற மூலையில் எனக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் பப்ஸ், சாயங்காலம் காளான் மசாலா. அதனால் வேல்ஸ் நாட்டில் போய் இறங்கிய மறுநாள் காலை, மகள் வீட்டு ஜன்னல் திரையை விலக்கி நான் தேடியதும் பஸ் ஸ்டாப்பைத்தான்.

கீழே நாலு ரோடு கூடியது. சுத்தமான, கறுப்பான, மழையில் நனைந்த ரோடு. நடுவில் வெள்ளைப் பெயிண்டில் சாப்பாட்டுத் தட்டு போல ஒரு பெரிய வட்டம். ஒரு கார் வரும், கொஞ்சம் வேகம் குறையும், வட்டத்தைச் சுற்றும், போய்விடும். அடுத்த கார் வரும், சுற்றும், போகும். டீ ஆறும் வரைக்கும் நின்று பார்த்தேன். ஒருவர்கூட நிற்கவில்லை.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மதியும் மாப்பிள்ளை பிரகாஷும் கார்டிஃபில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு, இந்தக் கிராமத்து மூலையில் பூட்டிக் கிடந்த பழைய சத்திரத்தை எடுத்திருந்தார்கள். கீழே பேக்கரி, மேலே குடித்தனம். கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டாயிற்று. ஓடினால் இந்த ஊர். ஓடாவிட்டால் மறுபடியும் யாரிடமாவது போய் வேலை கேட்க வேண்டும். சனிக்கிழமை திறப்பு. என்னைக் கேட்டா செய்தார்கள்? இடம் எடுத்து, அடுப்பு வைத்து, போர்டு எழுதிய பிறகு, “திறப்புக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாங்கப்பா” என்று போன் வந்தது. வந்தோம்.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வாயில் வராத பெயர் எழுத்தில் மட்டும் வந்துவிடுமா? அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “நால்ரோடுதாங்கப்பா” என்றாள் மதி. இதற்காக இத்தனை தூரம் வந்தேனா என்று இருந்தது.

புதன்கிழமை, பக்கத்து டவுனுக்குப் போய் ஏலக்காயும் எலுமிச்சையும் வாங்கி வரலாமென்று நானும் என் மனைவி சரசுவும் கிளம்பினோம். பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்டால், சந்தியில் இல்லையாம். சந்தியில் நின்றால் கார்களுக்கு இடைஞ்சல் என்று கொஞ்சம் தள்ளி, சாத்திக் கிடந்த ஒரு சர்ச் முன்னால் கம்பம் நட்டிருக்கிறார்கள். போய் நின்றோம். சாரல் அடித்தது. பஸ் வந்தது. நாங்கள் பஸ்ஸைப் பார்த்தோம். பஸ்ஸும் எங்களைப் பார்த்தது போலத்தான் இருந்தது. அது பாட்டுக்குப் போய்விட்டது.

“ஏனுங்க, நம்மளப் பாத்துப்போட்டுத்தானே போறான்?” என்றாள் சரசு.

எங்கள் ஊரில் ரோட்டோரம் நின்று வேட்டியைச் சரிசெய்தாலே டவுன் பஸ் நின்றுவிடும். ஏறாதவனையும் “ஏறுங்க, ஏறுங்க” என்று கண்டக்டர் கூப்பிடுவார். நனைந்துகொண்டு திரும்பி வந்தோம். அடுத்த பஸ் எப்போது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஊரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாகக் கல் வீடுகள். மில் குவார்ட்டர்ஸ் பார்த்தவர்களுக்குப் பழகின காட்சி. ஒரு பள்ளிக்கூடம். ஒரு முடி வெட்டும் கடை. மீன் பொரிக்கிற கடை ஒன்று, சாயங்காலம்தான் திறக்குமாம். வீடுகளுக்குப் பின்னால் பச்சை மலை. மேட்டுப்பாளையத்தில் நின்று நீலகிரியைப் பார்க்கிற உயரம் இல்லை. ஆனால் வெயில் பட்டால் அழகுதான். வெயில் பட்டதை நான் இரண்டு தடவை பார்த்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். நம் ஊரில் “சாப்டாச்சுங்களா” என்பது போல இங்கே “நனைஞ்சாச்சா” போலிருக்கிறது. நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களும் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை மதி பாடம் நடத்தி அனுப்பியிருந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கையை நீட்டினேன். நின்றது. ஓட்டியது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி, வாரிக் கட்டிய நரைமுடி. நெரிஸ் என்று பெயர்.

“நேற்று நின்றது நீங்கள்தானா?” என்று கேட்டாள். “கையை நீட்ட வேண்டும். சும்மா நின்றால் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.”

மழைக்கு ஒதுங்க அங்கே கூரையே இல்லை என்று சொல்ல நினைத்தேன். என் இங்கிலீஷ் அத்தனை தூரம் வராது; கோதுமை மாவு ஏஜென்ட்டிடம் பேசும் அளவுக்குத்தான் வரும். ஆனால் கேட்டால் புரியும். பஸ்ஸில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. டவுன் போய்ச் சேர்ந்ததும், பஸ் திரும்பக் கிளம்ப நேரமிருந்ததால் எங்களை உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு வெல்ஷ் கேக் கொடுத்தாள் நெரிஸ். கேக் என்று பெயரே தவிர, அது கல்லில் சுட்டது. உலர்ந்த திராட்சை போட்டு, சர்க்கரை தூவி, போளி கனத்தில் இருந்தது. சரசு இரண்டாவதையும் வாங்கிக்கொண்டாள். சத்திரத்தை எடுத்தவர்களின் அப்பா அம்மா நாங்கள் என்று தெரிந்ததும் நெரிஸ் ஊர்க்கதையை ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் அந்த இடத்தில் ஊரே இல்லையாம். நாலு வழி கூடுகிற பொட்டல். மேற்கிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு இங்கிலாந்துச் சந்தைக்குப் போகிறவர்கள் அங்கே இரவு தங்குவார்களாம். அவர்களுக்காக ஒரு சத்திரம் வந்தது. அத்தனை தூரம் நடக்கிற மாடுகளுக்குக் குளம்பு தேயுமே என்று எதிர் மூலையில் ஒருவர் லாடம் அடிக்கிற பட்டறை போட்டார். சத்திரமும் பட்டறையும் வந்த பிறகு ஒரு மளிகைக்கடை. அப்புறம் மண்ணுக்கடியில் நிலக்கரி இருப்பது தெரிந்தது. சுரங்கம் வந்தது, வரிசை வீடுகள் வந்தன, சர்ச் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. நெரிஸின் தாத்தாவும் அப்பாவும் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள்.

நான் சரசுவைப் பார்த்தேன். எங்கள் நால்ரோட்டின் கதையும் அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கும் காயும் ஏற்றிய வண்டிகள் நின்ற இடம். மாட்டுக்கு லாடம், மனுசனுக்கு டீ. அப்புறம் சைக்கிள் கடை, ஸ்பின்னிங் மில், பஸ் மாறுகிற கூட்டம், இப்போது இன்ஜினியரிங் காலேஜ். மாடு மட்டும்தான் வேறு, கதை ஒன்று.

“சுரங்கத்தை மூடினார்கள்,” என்றாள் நெரிஸ். “அப்புறம் எல்லோரிடமும் கார் வந்தது. கார் நின்று திரும்ப இடம் வேண்டுமென்று பட்டறையை இடித்தார்கள். பெரிய கடைகள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டன. கடைசியில் சத்திரத்தையும் பூட்டினார்கள். இப்போது நானே அங்கே நிற்பதில்லை, யாராவது கையை நீட்டினால் தவிர.” சொல்லிவிட்டு டப்பாவை மூடி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

டவுன் சூப்பர் மார்க்கெட் வாசலில் சரசு அப்படியே நின்றுவிட்டாள். மலை மலையாகப் பூசணிக்காய். நம்ம ஊர் வெள்ளைப் பூசணி இல்லை, மஞ்சள் பூசணி. அக்டோபர் கடைசி. இங்கே ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை; பூசணியைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி வாசலில் வைப்பார்கள். அதை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். சரசு பார்த்ததில்லை.

“ஏனுங்க, இவிங்களுக்கும் ஆயுத பூஜைங்களா?”

“இது வேற பண்டிகை, சரசு.”

“வாசல்ல மொகம் வரைஞ்ச பூசணி எதுக்குங்க வெப்பாங்க? கண்ணு படக்கூடாதுன்னுதானே? எல்லாம் ஒண்ணுதானுங்க.” ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தூக்கிக்கொண்டாள். குழம்புக்கு ஆகும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் வாயைக் கொடுத்தேன். பிரகாஷ் அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அதைத்தான் போடப்போகிறார்களாம். நெய் விட்டு, நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

“கண்ணு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கப்பா.”

“ஊருன்னா நாலு பேரு நிக்கோணும். பஸ்ஸுக்கோ, மாட்டுக்கோ, மழைக்கோ, எதுக்காச்சும் நிக்கோணும். நின்னாத்தான் டீ குடிப்பான். இங்க ஒருத்தனும் நிக்கறதில்லை. வட்டத்தைச் சுத்திப்போட்டுப் போயிட்டே இருக்கறான். இதுல கடை ஓடாது கண்ணு.”

மதி தண்ணீர் குடித்தாள். “நாங்க போட்டாச்சுங்கப்பா,” என்றாள். “இனி இதைச் சொல்லறதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?”

மேஜைக்கு அடியில் சரசு என் காலை மிதித்தாள். நான் சொன்னது பொய்யில்லை. முப்பது வருசம் சந்தியில் நின்று பார்த்தவன் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் ஒரு நாள் விட்டு மறுநாள் கடை திறக்கப்போகிற பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா அது? படுக்கையில் கண்ணை மூடினால் அந்த வெள்ளை வட்டம்தான் சுற்றியது.

வெள்ளிக்கிழமை முழுக்க அடுப்படியில் இருந்தேன். மதி என்னிடம் பேசினாள். மாவு எங்கே, ட்ரே எங்கே என்கிற அளவுக்குப் பேசினாள். நான் பப்ஸுக்கு மடிப்புப் போட்டேன். இந்தக் குளிரில் வெண்ணெய் உருகுவதே இல்லை. மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. என் கடையில் மே மாதத்தில் நான் படுகிற பாட்டை இந்த அடுப்படி ஒரு நாளும் படாது. தேங்காய் பன் மட்டும் சரியாக வரவில்லை. இங்கே கிடைக்கிற காய்ந்த தேங்காய்த் துருவலைப் பாலில் ஊறவைத்துப் பூரணம் செய்து, மூன்றாவது தடவையில் ஒருவழியாக ஊர் ருசிக்குக் கொண்டுவந்தேன். மதி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். “நல்லா இருக்குதுங்கப்பா” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ட்ரேயைத் துடைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் சரசு மதியிடம், “காலைல கடையைச் சுத்திச் சூடம் காட்டோணும் அம்மணி” என்றாள்.

“உள்ளே சூடம் கூடாதுங்கம்மா. புகை பட்டா அலாரம் அடிச்சுப்போடும்.”

“செரி, உள்ள வேண்டாம்” என்றாள் சரசு. அவள் இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை. அப்போதுதான் விடிந்திருந்தது, நல்ல சாரல். நான் முதல் ட்ரே பன்னை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பிரேக் அடிக்கும் சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன்.

நாலு ரோட்டுக்கும் நடுவில், வெள்ளை வட்டத்துக்குள் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. காரமடைத் தேர்க்கடையில் வாங்கிய குங்குமத்தைச் சரசு பொட்டலத்தோடு அதற்குள் கொட்டியிருக்கிறாள். மழை அதைக் கரைத்து வட்டம் முழுக்கச் சிவப்பாக்கிவிட்டது. ஒரு துண்டின் மேல் சூடம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. சரசு ஓரத்தில் கையைக் கழுவிக்கொண்டு, வேலை முடிந்த நிம்மதியோடு நின்றாள்.

“ரோட்டுல ஏன் ஒடச்சே?” என்று கத்திக்கொண்டே வெளியே போனேன்.

“சந்தியிலதானுங்க ஒடைக்கோணும். நடுவுல வட்டமே போட்டு வெச்சிருக்கறாங்களே, அதுக்குத்தானேன்னு ஒடச்சுப்போட்டனுங்க.”

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் கடை முன்னால் பூசணி உடைக்க வருகிறவர்களிடம், “ஓரமா ஒடைங்க சாமி, வண்டி வழுக்கும்” என்று கெஞ்சுகிறவன் நான். என் வீட்டுக்காரியே கடல் தாண்டி வந்து நடுரோட்டில் உடைத்திருக்கிறாள்.

முதல் கார்க்காரர் இறங்கி, குனிந்து, அடிபட்ட பிராணியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கார். எதிர்ப்பக்கத்தில் ஒரு வேன். இடதுபுறத்திலிருந்து பஸ். வட்டத்தின் மேல் ஏறாமல் பஸ் திரும்ப முடியாது; அதுவும் நின்றது. கதவு திறந்து நெரிஸ் இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் குடையோடு நாலைந்து பயணிகள்.

மதி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வருசமாக இந்த இடத்துக்கு அலைந்து, ஊரார் ஒவ்வொருவரிடமும் பல்லைக் கடித்துச் சிரித்துப் பழகி வைத்திருக்கிறாள். திறக்கிற அன்று ஊர் அவளிடம் முதலில் பார்ப்பது இது. “ஸாரி, ஸாரி” என்று ஒவ்வொரு காராகத் திரும்பித் திரும்பிச் சொன்னாள். வியாழக்கிழமை நான் சொன்ன சொல் போதாதென்று இதுவேறா!

“யாரோ பொடியன்கள் குழந்தைகளின் பூசணியை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்,” என்றாள் நெரிஸ். “என்ன இது?”

மதிக்கு வேறு வழியில்லை. அத்தனை பேர் முன்னால், மழையில் நின்றுகொண்டு சொன்னாள். இது என் அம்மா. இன்றைக்கு எங்கள் கடை திறக்கிறோம். புதிதாக ஒன்று தொடங்கினால் பார்க்கிறவர்களின் பொறாமைக் கண் படும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கண்ணைப் பூசணியில் ஏற்றி, நாலு வழி கூடுகிற இடத்தில் உடைத்துவிட்டால் போய்விடும்.

நெரிஸ் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். சாத்திய சர்ச், பட்டறை இருந்த வெற்று மூலை, வரிசை வீடுகள். பிறகு ஏதோ சொன்னாள்.

“என்னங்கண்ணு சொல்லறாங்க?” என்றாள் சரசு.

“இந்த ஊரைப் பாத்துக் கண்ணு வெக்க யாரு இருக்காங்கன்னு கேக்கறாங்கம்மா.”

சரசு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே வெப்பாங்கன்னு சொல்லு.”

மதி சொன்னாள். நெரிஸ் சரசுவையே பார்த்தாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தாள். குடைக்காரர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிராணியைத் தேடிய கார்க்காரர் நிமிர்ந்து, அதுவரை மழையில் வாசம் எதுவும் தெரியாமலிருந்தவர் போல மோந்து பார்த்து, “இது என்ன வாசனை?” என்றார். சூடத்தைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். அவர் கடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பன்.

நெரிஸ் பஸ்ஸுக்குத் திரும்பினாள். கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். படியில் ஒரு கால் வைத்து, கையை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தாள். “இதன் மேல் ஏற்ற மாட்டேன். வழுக்கும். கூட்டிச் சுத்தம் செய்யும் வரை நான் நிற்கத்தான் வேண்டும்,” என்று பயணிகளைப் பார்த்து அறிவித்தாள்.

நிற்கிறவன் எத்தனை நேரம் மழையில் நிற்பான்? பிரகாஷ் கடைக் கதவை விரியத் திறந்துவிட்டு, “உள்ளே வாங்க” என்பதை அவர்கள் பாஷையில் ஒரு தடவையும் நம் பாஷையில் ஒரு தடவையும் சொன்னார். குடைகளெல்லாம் மடங்கின. வேன்காரர் போனார், கார்க்காரர்கள் போனார்கள். நெரிஸ் கடைசியாகப் போனாள், சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. உள்ளே டம்ளர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முப்பது வருசமாக அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

நான் பின்கட்டிலிருந்து துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினேன். எத்தனை பேருடைய வண்டி நிற்கிறது! பரபரவென்று இரண்டு வீச்சு வீசியிருப்பேன். பின்னால் காலடி கேட்டது. மதி. தலையில் துண்டு, கையில் காலி ட்ரே. ட்ரே காலி என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

என் பக்கத்தில் வந்து, கடை ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்.

“மெதுவாக் கூட்டுங்கப்பா.”